குறுக்கே வராத காட்டு மாடு

அன்பு மகன் கதிரேசனுக்கு, கம்பத்திலிருந்து உன் சித்தப்பா எழுதுகிறேன். வாரம் தவறாமல் போனில் பேசுகிறவர் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் பேசினால் நீ நடுவில் கேள்வி கேட்பாய். கேட்டால் நான் பதில் சொல்லிவிடுவேன். சொல்ல ஆரம்பித்தால் என் வாய் எங்கே போய் நிற்கும் என்று எனக்கே தெரியாது. பேனா பரவாயில்லை, ஏற்றத்தில் முதல் கியரில் போகிற மாதிரி மெதுவாகப் போகிறது. எட்டாவது வரைக்கும் படித்தவன் எழுத்து இது. பிழை இருந்தால் உன் சித்தியைத் திட்டு, அவள்தான் பக்கத்தில் உட்கார்ந்து திருத்துகிறாள். எட்டாவதுதான் என்றாலும் எங்கள் பள்ளிக்கூடத்திலேயே என் கையெழுத்துக்கு நிகர் கிடையாது. ஆய்வுக்கு வந்த அதிகாரி என் நோட்டை வாங்கி வீட்டுக்கே கொண்டுபோய்விட்டார். சரி, மேசையில் வைத்து இரண்டு நிமிடம் பார்த்தார். இன்றைக்கு உண்மை மட்டும் எழுதுவது என்று உட்கார்ந்திருப்பதால் அதையும் திருத்திக்கொள்கிறேன்.

இந்தக் கடிதத்தை நீ மட்டும் படித்து மடித்து வைத்துவிடக் கூடாது. உன் ஆபீசில் உன்னோடு வேலை பார்க்கிற பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டு. இங்கே பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்த்த டீக்கடையிலும் ஒரு நகல் கொடுக்கப் போகிறேன். நான் சொன்ன கதை ஊரெல்லாம் போயிருக்கிறது, அதனால் இதுவும் ஊரெல்லாம் போக வேண்டும். ஒளித்து வைத்துத் திருத்துகிற கதை இல்லை இது.

உன்னைப் பெற்றவர் என் அண்ணன். ஆனால் இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே பிள்ளை நீ. அண்ணன் கால் முடியாமல் படுத்த நாளிலிருந்து உன்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டது நான் ஓட்டின ஜீப். முதல் முதலாகக் கோயம்புத்தூர் கல்லூரிக்குப் போனபோது பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்ததும் நான்தான். அன்றைக்கு அங்கே இருந்த வாத்தியார்கள் எல்லாம் என்னிடம் வாகனத்தைப் பற்றிச் சந்தேகம் கேட்டார்கள் என்று இங்கே வந்து சொன்னேன். ஒருவர் மட்டும்தான் கேட்டார், அதுவும் டாய்லெட்டுக்கு வழி. அவருக்கும் நான் புதுசு என்று தெரியவில்லை, அவ்வளவு தோரணையாக நின்றிருக்கிறேன்.

போன தை மாதம் பெங்களூருக்குக் கூப்பிட்டு, நீங்கள் செய்கிற டிரைவர் இல்லாத வண்டியில் என்னை உட்கார வைத்தாய். அதற்கு ஒரு வணக்கம் போட்டுவிட்டுத்தான் ஏறினேன், நீ சிரித்தாய். ஸ்டியரிங் தானாகத் திரும்பியபோது கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். என் வலது கால் தன்னாலே தரை விரிப்பைப் போட்டு அழுத்திக்கொண்டிருந்தது, பிரேக் என்று நினைத்து. ஊருக்கு வந்து, பெங்களூர் முழுக்க நூறில் பறந்தோம், டிராபிக் போலீஸ்காரரே சல்யூட் அடித்தார் என்று சொல்லி வைத்திருக்கிறேன். உங்கள் காம்பவுண்டுக்குள்ளே சைக்கிள் வேகத்தில் மூன்று சுற்றுச் சுற்றினோம் என்பதுதான் நடந்தது. ஆனால் ஒன்று நிஜம். மூன்றாவது சுற்றில் ஒரு நாய் குறுக்கே வந்தபோது அந்த வண்டி நின்ற விதம் இருக்கிறதே, பதறவில்லை, கத்தவில்லை, யாரையும் திட்டவில்லை, நின்றது. நாய் போன பிறகு புறப்பட்டது. முப்பத்தைந்து வருசம் மலை ஏறி இறங்கினவன், எனக்குக் கண் கலங்கிவிட்டது. தூசி என்று சொன்னேன். தூசி இல்லை.

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டியதை இப்போது சொல்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டு, கம்பம்மெட்டு மலை ரோட்டைக் கம்ப்யூட்டருக்குள் அப்படியே வரைந்து வைத்திருப்பதாகச் சொன்னாய். வளைவு, மேடு, பனி எல்லாம் இருக்கிறது, அதில் நம்முடைய காட்டு மாட்டைக் குறுக்கே விட்டு வண்டியைப் பழக்கப் போகிறோம் என்றாய். அடுத்த மாதம் வெளிநாட்டுக்காரர்கள் வருகிற கூட்டத்தில் மேடையேறி அந்தக் கதையைத்தான் முதலில் சொல்லப் போவதாகவும் சொன்னாய். காட்டு மாடு குறுக்கே வந்து, நான் ஓட்டின ஜீப் இடித்து, உன் அப்பாவின் கால் எப்படிப் போயிற்று, நீ ஏன் இந்த வேலைக்கு வந்தாய் என்கிற கதையை. அப்போதுதான் கேட்டாய்:

"மாடு எந்தப் பக்கம் இருந்து வந்துச்சு சித்தப்பா? எம்புட்டுத் தூரத்துல பாத்தீக?"

நான் யோசிக்கவே இல்லை. இடது பக்கம், பத்தடி தூரம் என்றேன். கொம்பு இரண்டு முழம், கண் சிவப்பு, மூக்கில் இருந்து புகை என்று நீ கேட்காததையும் கொடுத்தேன். நீ எல்லாவற்றையும் தட்டச்சு செய்துகொண்டாய். அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. ராத்திரி சாப்பாட்டு நேரத்துக்கு மறுபடியும் கூப்பிட்டாய்.

"சித்தப்பா, அந்த வளைவுல இடது பக்கம் கிடுகிடு பள்ளம். மாடு பறந்தா வந்துச்சு?"

வலது என்று சொல்லியிருந்தால் தப்பித்திருப்பேன். வலது பக்கம் மலை, மேலே இருந்து இறங்கியது என்று சொல்லலாம், வண்டியை இடது பக்கம் ஒடித்ததற்கும் பொருத்தமாக இருந்திருக்கும். இருபத்திரண்டு வருசம் பழகின கதையில் மாடு வந்த திசையை மட்டும் யாரும் என்னைக் கேட்டதே இல்லை. மனிதர்கள் கொம்பைத்தான் கேட்பார்கள். உன் மெஷின்தான் திசையைக் கேட்டது. பனியில் மறந்திருக்கும் என்று நீயே எனக்குச் சாக்குச் சொல்லிக் கொடுத்தாய். போனை வைப்பதற்கு முன்னால் ஒன்று சொன்னாய். "ஒங்கள மாதிரி ஓட்டுறவுகளுக்கே இப்பிடின்னா மத்தவுக கதி என்ன சித்தப்பா. அதுக்காகத்தான் நான் இந்த வேலைக்கே வந்தேன்."

அதற்கப்புறம் எனக்குச் சோறு இறங்கவில்லை. சித்தியிடம் கேட்டுப் பார்.

மகனே, மாடு வரவில்லை. இடமும் இல்லை, வலமும் இல்லை. அந்த ரோட்டில் அன்றைக்கு ஒரு ஆட்டுக்குட்டிகூட இல்லை.

நடந்தது இதுதான். விடிந்தும் விடியாத நேரம், மழை விட்டுப் பனி இறங்கியிருந்தது. கேரளாப் பக்கம் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போகிறேன். பின்னால் எதிரெதிர்ப் பலகையில் நாற்பது பொம்பளை. இல்லை, பதினாலு. என் பக்கத்தில், இடது கைப் பக்கம், அவர்களுக்குக் கங்காணியாகப் போய்க்கொண்டிருந்த உன் அப்பா. நான் எப்போதும் போலக் கதை சொல்லிக்கொண்டு வந்தேன். அதற்கு முந்தின வாரம் நான் மட்டும் தனியாக வந்தபோது, ஒரு காட்டு மாடு ரோட்டை மறித்துக்கொண்டு நின்ற கதை. ஆரன் அடிக்காமல், லைட்டை அணைத்துவிட்டு, இறங்கிப் போய் அதனோடு நான் பேசினேன் என்கிற இடம் வரைக்கும் வந்துவிட்டேன். பின்னால் பேச்சியக்கா. உனக்குத் தெரியுமே, வடக்குத் தெரு பேச்சியம்மாள், உனக்கு மிட்டாய் கொடுப்பாளே, அந்த அக்கா. அவள் "அப்பறம்?" என்று கேட்டாள். கதை சொல்கிறவனுக்கு அந்த ஒரு வார்த்தை போதும். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று திரும்பினேன். உடம்பே திரும்பியது, ஒரு கை ஸ்டியரிங்கில், ஒரு கை கொம்பு காட்டுகிறது. திரும்பி ரோட்டைப் பார்ப்பதற்குள் இடது பக்கத் தடுப்புச் சுவர் வந்துவிட்டது. சுவர் உடையவில்லை, அது நம் குலசாமி. பின்னால் இருந்தவர்களுக்குச் சிராய்ப்பு. கதவுக்கும் கல்லுக்கும் நடுவில் உன் அப்பாவின் முழங்கால்.

நீ அப்போது மூன்றாம் வகுப்பு.

இத்தோடு முடிந்திருந்தால் ஒரு தப்புதான். இரண்டாவது தப்பு அதைவிடப் பெரியது. அண்ணனைத் தேனி ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் நான் ஓடிவிட்டேன். சின்னமனூரில் உன் சித்தி பிறந்த வீட்டில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மூன்று நாள் படுத்துக் கிடந்தேன். அண்ணன் முகத்தில் எப்படி முழிப்பது, மதினி முகத்தில் எப்படி முழிப்பது. நாலாவது நாள் உன் சித்தி, "இப்ப போகலைனா எப்பவும் போகமாட்டீக" என்று சொல்லிச் சட்டையை எடுத்துக் கொடுத்தாள். போனேன். வார்டு வாசலிலேயே ஜீப் முதலாளி நின்றிருந்தார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். தோளைத் தொட்டு, "மாடு குறுக்க வந்தா நீ என்னப்பா செய்வ, மனச விட்றாத" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. உள்ளே போனால் உன் அப்பா கட்டுப் போட்ட காலைப் பலகையில் தூக்கி வைத்துக்கொண்டு படுத்திருக்கிறார். என்னைப் பார்த்துவிட்டு, "கொம்பு ரெண்டு முழம் இருக்கும்ல?" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

நான் சொல்லிக்கொண்டு வந்த பாதிக் கதையில் இருந்தே அந்த மாட்டைப் பிடித்து, அண்ணன் முதலாளியிடம் கொடுத்திருக்கிறார். முதலாளி போய்ப் பேச்சியக்காவை விசாரிக்க, "ஆமாய்யா, இம்புட்டுப் பெருசு" என்று அவளும் கை விரித்துக் காட்டியிருக்கிறாள். அந்த ஜீப்பில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. மன்னிப்புக் கேட்கத்தான் நான் போனேன் மகனே. அந்த வேலையை மாடு எடுத்துக்கொண்டது. வெட்கத்துக்குப் பதிலாக எனக்கு ஒரு கதை கிடைத்தது. கதை கிடைத்தால் நான் சும்மா இருப்பேனா? வருசத்துக்கு ஒரு சாண் வளர்த்தேன். நீ அதைப் பள்ளிக்கூடத்தில் கட்டுரையாக எழுதிப் பரிசு வாங்கி வந்த அன்றைக்கு, முதல் பிரதியை என்னிடம்தான் காட்டினாய். நான் படித்துவிட்டு, மாட்டின் நிறம் இன்னும் கறுப்பு என்று திருத்திக் கொடுத்தேன். அதை நினைத்தால்தான் இப்போது உடம்பு கூசுகிறது.

வண்டி ரிப்பேர் முடிந்து வந்த முதல் நாளைச் சொல்ல வேண்டும். அதையும் நான் யாரிடமும் சொன்னதில்லை, ஏனென்றால் அதில் நான் வீரன் இல்லை. சாவியைப் போட்டுவிட்டு, திருப்பாமலே உட்கார்ந்திருக்கிறேன். இன்றைக்கு இந்தப் பெண்கள் வேறு ஜீப்பில் போய்விடுவார்கள், அதோடு தலைமுழுகிவிடலாம் என்று இருந்தேன். பதினாலு பேரும் வந்தார்கள். பேச்சியக்கா பின்னால் ஏறவில்லை. முன்னால் வந்து, அண்ணன் உட்காருகிற இடத்தில் உட்கார்ந்து, தூக்குச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"ஏலே, லைசென்சு வாய்க்கு எடுத்தியா வண்டிக்கு எடுத்தியா?"

பின்னால் ஒரே சிரிப்பு. அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டு சொன்னாள். "இனிமே மெட்டு ஏறுற வரைக்கும் கத நாங்க சொல்லுவோம். நீ ரோட்டப் பாத்துக்கிட்டே கேளு. மேல போயி டீ குடிக்கையில நீ சொல்லு."

அன்றிலிருந்து எங்கள் ஜீப்பில் அதுதான் சட்டம். பதினெட்டு வருசம் அவள் முன் சீட்டை யாருக்கும் விடவில்லை. மாமியார் கதை, மருமகள் கதை, ஏலக்காய் மூட்டையில் பாம்பு படுத்திருந்த கதை, பொய்யும் நிஜமும் கலந்து வரும். நான் வாயை மூடிக்கொண்டு வளைவைப் பார்ப்பேன். அதற்கப்புறம் என் வண்டி ஒரு சுவரையும் தொடவில்லை. நானே பெரிய டிரைவர் என்று சொல்லித் திரிகிறேனே, அந்தப் பெரிய டிரைவரை அந்த முன் சீட்டுதான் உருவாக்கியது.

இப்போது உன் வண்டிக்கு வருகிறேன். டிரைவர் சங்கத்து ஆட்கள் சிலர் என்னிடம், உன் மகன் நம் வயிற்றில் அடிக்கிறான் என்கிறார்கள். நான் உன் பக்கம்தான். செய். நன்றாகச் செய். உன் வண்டிக்கு யாராவது "அப்பறம்?" என்று கேட்டால் அது திரும்பாது. அது ஒன்றுக்காகவே அதற்கு மாலை போடலாம். ஆனால் கம்ப்யூட்டருக்குள் நீ விடப்போகிற மாட்டை எடுத்துவிடு. எங்கள் பொய்யைப் படித்து அது மாட்டுக்குப் பயப்படக் கற்றுக்கொண்டால், எதிரே கழுத்தைத் திருப்பிக்கொண்டு வருகிற என்னை மாதிரி ஒருத்தனை அது எப்படிக் கண்டுபிடிக்கும்? அவனைப் போடு. கையைத் தூக்கிக் கொம்பு காட்டிக்கொண்டு வருகிறவனைப் போடு. முகம் வேண்டுமானால் என் முகத்தையே போட்டுக்கொள், போட்டோ அனுப்புகிறேன்.

அப்புறம் ஒன்று. எவ்வளவு பழக்கினாலும் என்றைக்காவது அது எங்கேயாவது ஒரு சுவரில் இடிக்கும். வண்டி என்றால் இடிக்கும். அதற்கு மறுநாள் நீங்கள் அதைத் திறந்து, என்ன பிசகு என்று பார்த்துச் சரி செய்துவிடுவீர்கள். அது நல்லது, வேண்டியது. ஆனால் அடிபட்டவன் வீட்டு வாசலில் அந்த வண்டி போய் நிற்காது. நின்றாலும் அதற்குத் தலை குனியத் தெரியாது. அன்றைக்கு நீ போக வேண்டும். வக்கீலை அனுப்பாதே, பேப்பரை அனுப்பாதே, மூன்று நாள் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துக் கிடக்காதே. நீயே போ. அங்கே உனக்காக யாரும் மாட்டைத் தயார் செய்து வைத்திருக்க மாட்டார்கள். அதனால் போனதும் உண்மையைச் சொல். எல்லாப் பிசகையும் திருத்திவிடலாம் மகனே. ஆனால் இடித்தவனை நம்பி மறுபடியும் பக்கத்தில் வந்து உட்காருவதை ஒரு மனுசி மனசு வைத்துத்தான் செய்ய முடியும். எனக்கு அது கிடைத்தது. கேட்காமலே கிடைத்தது.

இவ்வளவையும் எழுதிவிட்டு நேற்றுச் சாயங்காலம் உன் அப்பாவைப் பார்க்கத் தோட்டத்துக்குப் போனேன். திராட்சைப் பந்தலுக்கு அடியில் ஸ்டூலில் உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டு, கத்தரிக்கோலால் கொடியை வெட்டி ஒடுக்கிக்கொண்டிருந்தார். கதிரேசனுக்கு எழுதிவிட்டேன், மாடு இல்லை என்று சொல்லிவிட்டேன் என்றேன். கத்தரிக்கோலை நிறுத்தாமலே கேட்டார்.

"என்னையக் கேக்காம எப்பிடிலே எழுதுன? மாடு என்னோடதுதானலே. நாந்தான முதல்ல சொன்னேன்."

இருபத்திரண்டு வருசமாகக் கேட்காத ஒன்றை அப்போது கேட்டேன். ஏண்ணே அப்படிச் சொன்னீக என்று. ஒரு கொடியை வெட்டிப் போட்டுவிட்டுச் சொன்னார்.

"கால் போயிருச்சுன்னு டாக்டரு சொல்லிட்டாரு. அது போனது போனதுதான். நீயும் ஸ்டியரிங்கத் தொடமாட்டேன்னு ஒக்காந்துட்டா ரெண்டு வீடும்ல நின்னு போகும். ஒனக்கு அதத் தவுர வேற என்னலே தெரியும்?"

அப்போதுதான் சொன்னேன். மன்னிச்சிருங்கண்ணே என்று. இத்தனை பேசுகிற வாய்க்கு அது மட்டும் சரியாக வரவில்லை, இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. அவர் கத்தரிக்கோலை என் கையில் கொடுத்துவிட்டு, கைக்கு எட்டாத கொடி ஒன்றைக் காட்டினார். இருட்டுகிற வரைக்கும் இரண்டு பேரும் ஒடுக்கினோம். மூன்று வரிசை. சரி, ஒன்றரை.

என்மேல் உனக்குக் கோபம் வரும். வரட்டும். கூட்டத்தில் என்ன சொல்வது என்று தவிப்பாய். இந்தக் கடிதத்தையே சொல், மாட்டுக் கதையை விட இது பெரிய கதை. கோபம் ஆறினதும் ஒரு காரியம் செய். உன் வண்டியை என்றைக்கு மலையேறப் பழக்கி முடிக்கிறாயோ, அன்றைக்கு அதை இங்கே கொண்டு வா. கம்பம்மெட்டுக்குப் போவோம். உன் அப்பா முன்னால், காலை நீட்ட இடம் வேண்டும். நீ எங்கே வேண்டுமானாலும் உட்கார். பின்னால் பேச்சியக்காவுக்கு எதிரே, ரோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நான் உட்காருவேன். அவளிடம் சொல்லிவிட்டேன். "செத்தாலும் வாரேன்லே" என்கிறாள். முப்பத்தைந்து வருசத்தில் ஒரு நாள்கூட நான் அந்த மலையை அப்படி ஏறினதில்லை. கேட்கிறவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டு கதை சொல்ல வேண்டும் என்று எனக்கு எவ்வளவு ஆசை என்று உனக்குத் தெரியாது. உன் வண்டியால் எனக்கு ஆகப்போகிற பெரிய உபகாரம் அதுதான்.

அந்த வளைவு வந்ததும் அவள் "அப்பறம்?" என்று கேட்பாள். நான் தனியாக வந்தபோது வழி மறித்த அந்த மாடு இருபத்திரண்டு வருசமாகப் பனிக்குள்ளே, நடுரோட்டில், பாதிக் கதையில் நிற்கிறது. அந்தக் கதை நிஜம் மகனே, அதை மட்டும் நீ நம்ப வேண்டும். லைட்டை அணைத்துவிட்டு இறங்கிப் போய், நானும் உன்னை மாதிரித்தான், வீட்டுக்குப் போக வேண்டும் என்று அதனிடம் சொன்னேன். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தது. அப்புறம் ஒதுங்கி வழி விட்டது.

உன்
சித்தப்பா